கிறுக்கு வேலை என்று எழுதிய கடிதம்

கழுகுமலையிலிருந்து கோவில்பட்டி செல்லும் பேருந்தில் என் முன்னிருக்கையில் இருவர் அமர்ந்திருந்தனர். ஒருவர் இரும்புப் பட்டறை உரிமையாளர். மற்றவர் அவருடைய மைத்துனர் என்பது பேச்சிலிருந்து புலனாயிற்று.

“அந்த மொதலாளி என் வேலையக் கிறுக்குன்னு எழுதினதுதான் மாப்ளே என்னையக் காப்பாத்துச்சு” என்றார் பட்டறைக்காரர்.

“வெவரமாச் சொல்லுங்க அத்தான்.”

“கடலை சலிக்கிற சல்லடையையும் தீக்குச்சி அடுக்குத சட்டத்தையும் சேத்து மிஷின் செஞ்சேம்லா. சல்லடை ஆட ஆட, குச்சி தானா வரிசையில விழும். அதுக்குக் காப்புரிமை குடுக்கக் கூடாதுன்னு தீப்பெட்டி ஆபீஸ் மொதலாளி மனுப் போட்டாரு. ரெண்டும் பழசு, சேக்குறதுக்கு எவனுக்கும் தோணும்னாரு.”

“ஞாயந்தான அத்தான்? ரெண்டும் நம்ம ஊர்ல கெடக்குதுதான.”

“நீயும் அவரு கட்சியா? மிஷினை வாங்கிக்கிடுங்கன்னு மொதல்ல அவருகிட்டதான் கேட்டேன். ‘சல்லடையில போட்டா குச்சி ஒடியும், இது கிறுக்கு வேலை’ன்னு கையெழுத்துப் போட்டு எழுதினாரு. அந்தக் கடுதாசிய விசாரணையில நீட்டிட்டேன். எவனுக்கும் தோணுத வேலைன்னா, தொழில் தெரிஞ்ச நீங்க ஏன் கிறுக்குன்னு எழுதினீங்கன்னு அதிகாரி கேட்டாரு. மொதலாளி ஃபேனையே பாத்துக்கிட்டிருந்தாரு.”

மைத்துனர் வாய்விட்டு நகைத்தார்.

“காப்புரிமை நமக்குத்தான்னு நேத்து உத்தரவு வந்துட்டு.”

“மொதலாளி என்ன சொல்லுதாரு?”

“காலையில ஆள் விட்டாரு, ரெண்டு மிஷின் வேணுமாம். அதையும் கைப்பட எழுதித் தரச் சொல்லிட்டேன். அவிய எழுத்து நமக்கு ராசி.”