இளநீரும் பரிவட்டமும்

எங்கள் பக்கம் நோயாளியைப் பார்க்க யாரும் வெறுங்கையோடு வரமாட்டார்கள், ஐயா. திருச்சுழிக் காட்டில் நிழலுக்கே மரம் கிடையாது. ஆனாலும் பாளையம்பட்டியில் இளநீர் வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்து இறங்குவார்கள். மூளையை மட்டும் வீட்டில் வைத்துவிட்டு வருவார்கள்.

என் அண்ணன் சுந்தரபாண்டிக்கு இதயம் பலவீனம். கால் வீங்கிக் கிடந்தது. முதலில் கொடுத்த நீர் மாத்திரை, நீரோடு பொட்டாசியம் என்ற உப்பையும் சேர்த்து வெளியேற்றிவிட்டது. கெண்டைக்கால் இழுத்துப் பிடித்தது. அந்த உப்பு இளநீரில் இருக்கிறது, குடியுங்கள் என்றார் மதுரை டாக்டர். குடித்தார், சரியானது.

அடுத்த முறை நான்தான் கூட்டிப் போனேன். டாக்டர் மாத்திரையை மாற்றினார். "இது தண்ணிய மட்டும் வெளியேத்திட்டு அந்த உப்பைப் பிடிச்சு வச்சுக்கும். இனி இளநி, வாழைப்பழம் தொடக்கூடாது. உப்பு ஏறுனா நெஞ்சு நின்னுரும். அப்பப்ப ரத்தம் சோதிக்கணும்" என்று படித்துப் படித்துச் சொன்னார். அண்ணன் அங்கே இல்லை. வராந்தாவில் எவனோ கும்பிட்டான் என்று எழுந்து போய்விட்டார். பெரிய மனுசர் அல்லவா.

வீட்டில் மதினி முருகலட்சுமி கேட்டார்: "கொழுந்தனாரே, முன்ன மாதிரி இளநி குடுக்கலாமா? அவுகளுக்கு அதுல ஒரு தெம்பு."

"தாராளமாக் குடுங்க மதினி. ரத்தச் சோதனைக்கெல்லாம் அலைய வேண்டாம்."

நான் பேசியது அவ்வளவுதான். வாங்கி வந்தது சொந்தபந்தம், வெட்டிக் கொடுத்தது மதினி, குடித்தது அவர். ஊரே கூடிப் பாசத்தால் கொன்றுவிட்டு, இப்போது என்னைக் கைகாட்டுகிறது.

கடைசி நாள் காலையில் அவரால் எழுந்து உட்கார முடியவில்லை. "ஏலே மாரீஸ்வரா, கைகாலு தளந்து வருதுடா" என்றார். ஒரு காயை நானே சீவிக் கொடுத்தேன். குடித்துவிட்டு, "ஒனக்குத்தாம்லே எம்மேல பாசம்" என்றார். ஆள் எப்போதுமே அப்படித்தான், விவரம் பத்தாது.

குலசாமி கோயில் முதல் மரியாதைக்காகச் செய்தேன் என்று மதினி சொல்லியிருக்கிறாராம். சிரிப்புத்தான் வருகிறது. மூத்தவன் தலையில் கட்டுகிற பரிவட்டம் வெறும் துணி, ஐயா, வண்டி துடைக்கக்கூட ஆகாது. காலமெல்லாம் அவர் பின்னால் தேங்காய்த் தட்டை ஏந்தி நின்றவனுக்கு அது தெரியாதா?

கொன்றது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். ஒன்றே ஒன்று. குலசாமிக்கு எடுக்கிற மாசிக் களரித் திருவிழாவுக்குள் அண்ணன் செத்த வருசத் தீட்டுக் கழிந்துவிடும். அன்றைக்கு மட்டும், விலங்கோடு என்றாலும் சரி, என்னைக் கோயிலுக்குக் கூட்டிப் போங்கள். எங்கள் வீட்டில் இப்போது மூத்தவன் நான்தான்.