பெயிண்டரின் கைகளை நான் கழுவியது பற்றி

நான் அரசு மருத்துவமனைப் பிணவறையில் உதவியாளர். வயது ஐம்பத்திரண்டு. மருத்துவமனைக்குப் பின்னால் உள்ள ஊழியர் குடியிருப்பில் மனைவியுடன் வசிக்கிறேன். இருபத்திரண்டு வருடமாக இதே வேலைதான்.

சம்பவத்தன்று காலை பத்து மணி அளவில், ஒரு வீட்டில் நாட்டு வெடிகுண்டு வெடித்து இறந்த இருவரின் உடல்கள் கொண்டுவரப்பட்டன. ஒருவர் அந்த வீட்டுக்காரர். அவருக்கு இரண்டு கையிலும் விரல்களே இல்லை. மற்றவர் அங்கே போயிருந்த பெயிண்டர். அவருக்கு மார்பிலும் வயிற்றிலும் ஆணிகள் ஏறியிருந்தன, கைகள் முழுசாக இருந்தன. அந்தக் கைகளில் காகிதப் பை மாட்டி நூலால் கட்டியிருந்தார்கள். விபத்து, தூக்கு, விஷம் எல்லாம் பார்த்திருக்கிறேன். குண்டு கேஸ் எனக்கு இதுதான் முதல்.

அதன் பிறகு பெயிண்டரின் மனைவி வந்து, அவரைப் பார்த்தே ஆக வேண்டும் என்று கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். டாக்டர் இன்னும் வரவில்லை. பார்க்க வரும் சொந்தக்காரர்களுக்காக முகத்தையும் கையையும் கழுவி வைப்பது என் பழக்கம், யாரும் சொல்லித் தந்ததல்ல. அதன்படி பைகளைக் கழற்றிக் குப்பையில் போட்டுவிட்டு, சோப்புப் போட்டுக் கழுவி, நகங்களையும் பிரஷ்ஷால் தேய்த்தேன். அந்த அம்மா அந்தக் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டார்.

அதன் பிறகு வந்த டாக்டர், "யாருய்யா இதைக் கழுவுனது?" என்று கேட்டார். நான்தான் என்றேன். "குண்டு செஞ்சவனா இருந்தா நகத்துக்குள்ள வெடிமருந்து ஒட்டியிருக்கும்யா. அதைப் பார்க்கத்தான் பை கட்டி அனுப்புனாங்க. இனி நான் என்னத்தைப் பார்க்க?" என்றார்.

பெயிண்டரும் சேர்ந்துதான் குண்டு செய்தார் என்று போலீஸ்காரர்கள் நீங்கள் சொல்கிறீர்கள். சுவரை அளவெடுக்கப் போனார் என்று அவர் மனைவி சொல்கிறார். நேற்று அந்த அம்மா என் வீட்டு வாசலுக்கு வந்து, "அண்ணே, நீங்கதானே கழுவுனீங்க. கையில ஒண்ணும் இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லுங்கண்ணே. பள்ளிக்கூடத்துல எம்பொண்ணைக் குண்டுக்காரன் மகள்னு கூப்பிடுறாங்க" என்று அழுதார்.

கழுவிய தண்ணீர் கறுப்பாகப் போனதா என்று இன்று என்னிடம் மூன்று முறை கேட்டீர்கள். இல்லை என்று சொல்ல நாக்கு நுனி வரை வருகிறது. ஆனால் கழுவும்போது நான் உடலைப் பார்ப்பதில்லை. பார்த்தால் அன்றைக்குச் சோறு இறங்காது. பெயிண்டரையும் சுவரைப் பார்த்தபடிதான் கழுவினேன். தண்ணீர் என்ன நிறத்தில் போனது என்று எனக்குச் சத்தியமாகத் தெரியாது.

எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது, எல்லாம் உண்மை, யாரும் மிரட்டிச் சொன்னதல்ல. இதை அந்த அம்மாவிடம் நீங்களே சொல்லிவிடுங்கள், எனக்குத் தைரியம் இல்லை.

(ஒப்பம்)
பிணவறை உதவியாளர்