இரண்டு இலை முளை

ஹலோ... ஹலோ, அண்ணா, நான்தான்... ஆமா, உன் தங்கச்சிதான்... இல்ல, வீட்டுல இல்ல. உன் மேய்ச்சல் நிலத்துல நிக்கிறேன், குட்டை ஓரமா... மாட்டு டாக்டர் வேற எதுக்கு வருவா? நீ வாடகைக்கு விட்டியே, அந்த ஆட்டுக்காரர் கூப்பிட்டார்... பதினொண்ணு... ஆமா, ஆமா, செத்துத்தான் போச்சு. இன்னும் மூணு ஆடு காலை உதைச்சுக்கிட்டுக் கிடக்கு.

காய்ச்சலா? உனக்கு யார் சொன்னா?... இரு, இரு, நான் பேசி முடிச்சுடறேன். வயித்தைக் கிழிச்சுப் பாத்துட்டேன். கையுறையைக் கழட்டியும் நாத்தம் போகல. இரைப்பை பூரா மருளூமத்தை முளை... அதேதான், ரோமத்துல ஒட்டிக்குமே, முள்ளுக்காய்ச் செடி...

ம்... ம்... சரி, போன வருஷம் உன் ஆடு தின்னுச்சு, ஒண்ணும் ஆகல. அப்ப அது இடுப்பு உசரம் வளந்த செடிண்ணா! வளர வளர விஷம் குறைஞ்சிடும். இது மழை விட்டு, தண்ணி வத்தின சேத்துல இப்பதான் முளைச்சது. ரெண்டே ரெண்டு தடிச்ச இலை. விதையில இருந்த விஷம் பூரா அதுக்குள்ளதான் இருக்கு. இன்னும் ரெண்டு வாரம் பொறுத்திருந்தா...

என்னது?... தெரியாதா? ச்சீ, யார்கிட்ட சொல்ற? உனக்குச் சொன்னதே நான்தானே! உன் வீட்டுல, சாப்பாட்டு மேசையில, பேப்பர்ல படம் போட்டுக் காட்டினேன். அண்ணிகூட உக்காந்திருந்தாங்க...

அப்ப உன் ஆடுங்க எங்க?... கேட்டதுக்குப் பதில் சொல்லு... மேட்டுப் பக்கம். எப்ப மாத்தின?... திங்கக்கிழமை. இவரை எப்ப உள்ள விட்ட?... எப்ப?... செவ்வாய்க்கிழமை.

ம், சொல்லு... என்ன எழுதணும்? ரிப்போர்ட்டுல தொத்து நோய்னு எழுதணுமா?... அண்ணா, அழுகின குடலுக்குள்ள முழங்கை வரைக்கும் கையை விட்டுப் பாத்துட்டுத்தான் சொல்றேன். தொத்து நோய் இல்ல.

எழுதியாச்சு. நிலத்துக்காரருக்கு முன்னாடியே தெரியும், சொன்னது நான்தான்னு எழுதி, கையெழுத்தும் போட்டாச்சு... கூடப் பிறந்தவளா? அதனாலதான், உன் பக்கம் சாஞ்சிடக் கூடாதுன்னு, உன்னைக் கூப்பிடறதுக்கு முன்னாடியே எழுதிட்டேன். ஆட்டுக்காரர்கிட்டயும் சொல்லிட்டேன்... ஆமா, எல்லாம்தான். நீ என் அண்ணன்ங்கறதையும் சேத்து...

கத்தாத... பக்கத்துலதான் நிக்கிறார். இல்ல, திட்டல. ஒரு குட்டியைத் தோள்ல போட்டுக்கிட்டு நிக்கிறார். அது பிழைக்காதுன்னு சொல்லிட்டேன், இருந்தும் இறக்க மாட்டேங்கிறார். உன்கிட்ட ஒரே ஒரு வார்த்தை கேக்கணுமாம்... முடியாதுன்னா எப்படி? மனுஷனா நீ? இந்தா, குடுக்கறேன். ஐயா, இங்க வாங்க, பேசுங்க...

என்னங்க?... சத்தமே வரலையா?

குடுங்க பாப்போம்... ஹலோ?... அண்ணா?... ஹலோ?