ஊசி அஞ்சாவது மாடியில

— பதறாதே. விளக்கு எரியுது, ஃபேன் சுத்துது. கரண்ட் இருக்கு, கேட்டியா? கயிறும் நல்லா இருக்கு. அண்ணாந்து சத்தத்தைக் கேட்டுக்கிட்டேதானே வந்தேன்.

— நான் எங்கங்க பதறினேன்? மூணாவது மாடி தாண்டி லிஃப்ட் நின்னுடுச்சு. ஊசி போடற இடம் அஞ்சாவது மாடி. உங்க முகத்துலதான் பள்ளிக்கூடம் லீவு விட்ட களை.

— சும்மா இரு. இது நான் மாட்டின லிஃப்ட். வேலையை விட்டு வர்ற வரைக்கும் ஒரு தடவை நின்னதில்ல.

— அப்ப அந்த மணியை அடிங்க. வாட்ச்மேன் வரட்டும்.

— அடிக்கிறதா? நான் மாட்டின லிஃப்ட்ல நானே மாட்டிக்கிட்டேன்னு ஊரைக் கூட்டச் சொல்றியா? அவன் இன்னும் என்னை மெக்கானிக் சார்னு கூப்பிடறான்.

— சரி, அடிக்காதீங்க. லிஃப்ட் சாவி இருந்தா நீங்களே கிளப்பிடுவீங்க.

— இருந்தா இந்தப் பட்டனுக்குக் கீழ ஒரே திருப்பு, கேட்டியா? நிறுத்தறதும் ஓட்டறதும் அதுதான். வீட்ல ஆணியில தொங்குது.

— ரொம்ப நல்லது. வீட்ல அக்கி வராம இருக்க ஊசின்னு வாயைத் திறந்தாலே குழாய் ஒழுகுதுன்னு ஓடுவீங்க. இங்க எந்தக் குழாய்க்கு ஓடுவீங்க?

— எனக்கு அக்கி வராதும்மா. கட்டை உடம்பு.

— உங்களுக்குச் சின்ன வயசுல அம்மை போட்டிருக்கு. அது உள்ளேயே தூங்கி, வயசானப்புறம் அக்கியா முழிச்சுக்கும்னு டாக்டரம்மா உங்க எதிர்லதானே சொன்னாங்க? எனக்கு முதுகுலேர்ந்து நெஞ்சு வரைக்கும் வந்துச்சே, கொப்புளம் ஆறியும் எரிச்சல் விட்டுச்சா? துணி பட்டாலே நெருப்பைத் தேய்ச்ச மாதிரி இருக்கு. இடது கையைத் தூக்க முடியல.

— தெரியும்மா. நான்தானே தினம் உன் தலையை வாரி விடறேன்.

— வாரி விடறீங்களா? கம்பி முறுக்கற மாதிரி முறுக்கறீங்க. பேச்சை மாத்தாதீங்க. ஊசிக்குப் பயமா?

— முப்பது மாடி உயரத்துல தொங்கி வேலை பார்த்தவன்டி நான்.

— அப்ப என்னதான்?

— ஊசி போட்டா கை வலிக்குமாம். ரெண்டு நாள் காய்ச்சல் கூட வருமாம்.

— வரட்டுமே. கஞ்சி வெச்சுத் தர்றேன்.

— பின்னல் போட ரெண்டு கை வேணும்.

— என்னது?

— எனக்குக் கை தூக்க முடியலன்னா உன் தலையை யார் வாருவாங்க?

— அட மனுஷா! இதுக்கா இவ்வளவு நாள் குழாய் ரிப்பேர் பண்ணீங்க? ரெண்டு நாள் கொண்டை போட்டுக்கறேன். இல்ல, பேய் மாதிரி விரிச்சுப் போட்டுக்கறேன்.

— அது மட்டுமில்ல.

— சொல்லுங்க. கதவு மூடியேதான் இருக்கு.

— ராத்திரி நீ தலையணையைக் கடிச்சுக்கிட்டுப் படுத்திருக்கே. நான் மட்டும் ஊசி போட்டுத் தப்பிச்சுக்கறது... என்னமோ உன்னை உள்ள வெச்சுக் கதவைச் சாத்திட்டு வெளிய போற மாதிரி இருக்கு.

— இங்க பாருங்க. நாளைக்கு நீங்களும் எரியுதுன்னு படுத்தா, இந்த ஒத்தைக் கையால உங்களை நான் திருப்பிப் படுக்க வைக்க முடியுமா? என்னைத் தனியா விட்டுட்டுப் போகலீங்க நீங்க. வெளிய ஒரு ஆள் நிக்கணும். அப்பத்தான் உள்ள இருக்கறவளுக்குக் கதவு திறக்கும். உங்க தொழில்தானே இது?

— ஊசி போட்டாலும் வராதுன்னு நிச்சயமில்லையாமே.

— வர்றது குறையும்னாங்கல்ல? அது போதும் எனக்கு.

— ...சரி. போட்டுக்கறேன்.

— என் மேல சத்தியமா?

— உன் மேல சத்தியமா. ஆனா ஒண்ணு, கேட்டியா? இது பழுதில்ல. யாரோ வேணும்னே நிறுத்தியிருக்கான். எந்தப் படுபாவின்னு தெரியட்டும்.

— லிஃப்ட்ல ஏறினதும் நீங்க அண்ணாந்தா, பக்கத்துல பொண்டாட்டி என்ன பண்றான்னு கூடப் பார்க்க மாட்டீங்க. இந்தாங்க, உங்க ஆணியில தொங்கின சாவி. நீங்களே திருப்புங்க.