பனியளவுக் கம்பத்தின் கீழே

கொட்டும் குளிரிலும் செவன் ஹில்ஸ் மண்டபத்தை நிறைத்திருக்கும் தமிழ் நெஞ்சங்களே! தலைமைக் கதிரையை அணிசெய்யும் பெரியவர் ஸ்ரனிஸ்லாஸ் அவர்களே! அறிவால் நிறைந்த ஆன்றோரே! தேநீர் ஊற்றிய கையோடு குசினி வாசலில் நின்று கேட்கும் தாய்மாரே! விஜயாவின் வணக்கம்.

மேகத்துக்குத் தீனி போடுவது என் தொழில். மலைமுகட்டு அடுப்புகளில் வெள்ளி உப்பை எரிப்போம். புகை மேகம் ஏறும். பனி கூடுதலாகப் பொழியும். அடுப்பு மலையில், விசை என் மேசையில். வெள்ள எச்சரிக்கையா? நிறுத்து! பனி மழையாகும் வெப்பமா? நிறுத்து! முகட்டில் மனிதர் உண்டா? பற்றவே வைக்காதே!

மனிதர் உண்டா என்று எப்படி அறிவோம்? மலைவாசலில் ஒரு பதிவேடு. ஏறும்போது பெயர் எழுத வேண்டும், இறங்கியதும் எழுத வேண்டும்.

சென்ற மாதம் நம் பிள்ளைகள் எட்டுப் பேர் இரண்டு காரில் பனி பார்க்க வந்தார்கள். இறங்கியதும் ஒருவரே எட்டுப் பெயரையும் எழுதினார். சிரிக்கிறீர்கள்! நாமெல்லாம் செய்வதுதானே? அந்த எட்டில் ஒருவரான துஷாந்த், தவறவிட்ட கையுறையைத் தேடி மேலே திரும்பியிருந்தார். "அவன் மற்றக் காரில வாறான்" என்றது முதற்கார். மற்றக் காரும் அதையே சொன்னது. இரண்டும் புறப்பட்டுப் போயின.

பதிவேட்டில் எல்லோரும் வெளியே. நான் பற்றவைத்தேன்.

முகட்டுக் கமராவில் வெள்ளை, வெறும் வெள்ளை. முகட்டில் உயரமான ஒரு கம்பம் உண்டு. அதன் உச்சியிலுள்ள கருவி கீழே கிடக்கும் பனியின் உயரத்தை அளந்து அனுப்பும். நாற்பது சென்ரிமீற்றர். நாற்பத்தொன்று. திடீரென்று இருநூற்றுப் பத்து!

"கருவியில ஏதோ கோளாறும்மா," என்றார் மேலாளர் வெங்கட்ராமன். "புக்ல எல்லாரும் இறங்கிட்டாங்களே."

சற்று நேரத்தில் நூற்று முப்பது. பிறகு எழுபது. பனி இப்படியா குறையும்? இருநூற்றுப் பத்தில் நின்றது எது? நூற்று முப்பதில் உட்கார்ந்தது எது? எழுபதில் படுத்துக் கிடப்பது எது?

"சேர், அது ஆள்!" என்று கத்தினேன். விசையை அணைத்தேன். மீட்புக் குழுவை அழைத்தேன். எழுபத்தொன்று. எழுபத்திரண்டு. ஒரு மனிதர்மேல் பனி ஏறுவதை எண்ணாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் வானம் தந்தது எவ்வளவு? நான் தந்தது எவ்வளவு? எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது.

உயிரோடு எடுத்தார்கள், கால்விரல்களைத்தான் காக்க முடியவில்லை. கட்டிலருகே போய் நின்றேன். துஷாந்த் கேட்டது ஒன்றுதான்: "அக்கா, நான் வெளியில வந்திட்டனெண்டு என்ர பேரை ஆர் எழுதினது?"

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார், முடிக்கிறேன், ஐயா. தீப்பிடித்தால் ஆளெண்ண இந்த மண்டப வாசலிலும் ஒரு பதிவேடு உண்டு. இதோ, என் கையில். பன்னிரண்டாம் வரியில் துஷாந்த் என்று எழுதியிருக்கிறது. துஷாந்த், எழுந்திருங்கள்!

எழவில்லை. எப்படி எழுவார்? மதியம் மருத்துவமனையில் அவரைப் பார்த்துவிட்டுத்தான் வருகிறேன். மலையில் பார்த்த அதே கையெழுத்து இங்கும் இருக்கிறது. யாருடையது என்று சொல்ல மாட்டேன்.

போகும்போது உங்கள் பெயரை மட்டும், உங்கள் கையால் எழுதுங்கள். பன்னிரண்டாம் வரியை நான் அடித்துவிட்டேன். அவர் நடந்து வரும் நாளில் அவரே எழுதட்டும். செவி தந்தவர்களுக்கு நன்றி. ஒருவர் குறையாமல் வீடு சேருங்கள். வணக்கம்.