வெயில் தின்ற சால்வென்ட்

நாலாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். செங்கல் சுமந்து மூன்று வீடு கட்டினேன். ஊரே சிரித்தபோதும் உத்திரமேரூர் சாலையில் இந்த நிழற்குடையையும் என் கையாலேயே கட்டினேன். இரும்புச் சாமான் கழுவும் பட்டறையில் வேலை செய்யும் மஞ்சுளாவும் அவள் மேஸ்திரியும் நேற்று சாயங்காலம் அதில்தான் பஸ்ஸுக்காக நின்றார்கள்.

“நான் மூடின கழிவுத் தொட்டிய ஏன் மேஸ்திரி தொறந்துட்டு வந்தே?”

“எண்ணெப் பிசுக்கு கழுவின சால்வென்ட்டுதானே? வெயில் தின்னுடும். கொறைஞ்சா காசு குடுத்து லாரி வெச்சி கழிவ அனுப்ப வேணாம்.”

“தின்னுட்டு வெயிலு எங்க போய்க் கழியுது? அது குளோரின் சமாச்சாரம். காத்துல ஒடைஞ்சி ஆசிடா மாறி மழையோட எறங்கும்னு பட்டறைய சோதிக்க வந்த ஆபீசர் அம்மா உன் எதிர்லதானே சொல்லிச்சு? என் கழனி பக்கத்துலயே கீது!”

“எல்லாம் காத்தோட பூடும்மே. பேஜார் பண்ணாதே.”

“அந்தக் காத்தைத்தான் நான் இழுத்துக்கினு கீறேன். தெனம் தலை சுத்துது.”

“மொதலாளிக்குத் தெரிஞ்சா உன் வேலை பூடும்.”

“போவட்டும். வெயிலுக்கு ஊட்டி வுட நீயே இரு.”

பஸ் வந்தது. அவள் ஏறவில்லை. தொட்டியை மூடப் பட்டறைக்கே திரும்பி நடந்தாள்.

நாளை அவளைப் பாராட்டுகிறவர்கள், அவள் துணிந்தது என் நிழற்குடையில் நின்றுதான் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.