அப்பா வழிச் சொத்து

பச்சைத் துவரை உரித்துக்கொண்டே இருந்தால் எனக்குப் பேச்சு நன்றாக வரும். நீங்களும் ஒரு கை போடுங்கள் நர்சம்மா. சோற்றில் சேர்த்து ஆக்கப் போகிறேன், இருந்து சாப்பிட்டுவிட்டே போகலாம். தலைநகர் நாசோவுக்குத் திரும்பும் படகு சாயங்காலம்தானே.

வெர்டெல்லைப் பற்றிக் கேட்டீர்கள். நல்லவள். அவள் படுத்த படுக்கையானதிலிருந்து குழியில் இறக்கும் வரை கூடவே இருந்தது யார் என்று இந்தத் தீவில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். இந்த இஸ்மே ஸ்டப்ஸ் என்றுதான் என்னைச் சொல்வார்கள்.

முதலில் என் அப்பாவைச் சொல்ல வேண்டும். ஹெஸ்ரன் ஸ்டப்ஸ், மீன் பிடிப்பவர், சர்ச் சபையில் டீக்கன், பாதிரியாருக்கு அடுத்தபடி. அவருடன் பிறந்த பெண்கள் ஒருத்தி பாக்கியில்லாமல் மார்பில் புற்று வந்து போனார்கள். எனக்கும் நாற்பதைத் தாண்டியதும் பயம் பிடித்துக்கொண்டது. நாசோவுக்குப் போய்ப் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்தேன். டாக்டர் பொறுமையான மனுஷி, பச்சைப்பிள்ளைக்குச் சொல்வது போலச் சொன்னார். உடம்புக்குள் நூல் மாதிரி ஒன்று தினம் அறுகிறதாம், தினம் உடம்பே தைத்துக்கொள்கிறதாம். அந்தத் தையல் வேலைக்கு உதவும் ஒரு ஜீன் எங்கள் வீட்டில் பழுது. தைக்காமல் விட்ட கிழிசல்கள் சேர்ந்து சேர்ந்துதான் புற்று. பழுது இருந்தால் வந்தே தீரும் என்றில்லை, ஆனால் பத்துப் பெண்களில் ஆறேழு பேருக்கு வருகிறது.

நான் கேட்டேன், "இது அம்மா வழியா வர்றதுதானே டாக்டர்?" எங்கள் ஊரில் எல்லாரும் அப்படித்தான் நம்புகிறார்கள். மார்பு பெண்ணுடையது, ஆகவே நோயும் பெண் வழிதான்.

"அப்பா வழியாவும் வரும்மா. ஆம்பளைக்குப் பெரும்பாலும் ஒண்ணும் ஆகாது, பிள்ளைங்களுக்குக் கொடுத்துட்டுப் போயிடுவாரு. ரெண்டுல ஒண்ணுக்குப் போகும். உங்க ரத்த சொந்தம் எல்லாருக்கும் சொல்லிடுங்க."

சொன்னேன். தம்பியிடம் சொன்னேன், அவன் மகள்களிடம் சொன்னேன். என் மார்புகளையும் சூல்பைகளையும் எடுத்துவிட்டார்கள். இதோ, உங்கள் எதிரில் உட்கார்ந்து துவரை உரிக்கிறேன்.

வெர்டெல் அப்பாவின் வெளிப்பிள்ளை. கல்யாணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளைக்கு இங்கே அதுதான் பெயர். அதில் பெரிய அவமானம் ஒன்றும் இல்லை, பாதி ஊர் அப்படிப் பிறந்ததுதான். ஆனால் டீக்கன் வீட்டில் அது வேறு. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது போல அம்மா சாகும் வரை மறைத்தாள். அந்த மரியாதையைக் காப்பாற்றுவது மூத்த மகள் கடமை இல்லையா?

ஆஸ்பத்திரியிலிருந்து எனக்கு ஒரு போன் வந்தது. வெர்டெல் இலவசப் பரிசோதனை கேட்டிருக்கிறாள். குடும்பத்தில் பழுது உள்ளவர் என்று என் பெயரைச் சொல்லியிருக்கிறாள். நீங்கள் இந்த வேலைக்கு வருவதற்கு முன்பு இருந்த நர்ஸ் கேட்டாள், "வெர்டெல் பிண்டர் உங்க சிஸ்டரா மேடம்?"

"எங்க சபையில எல்லாருமே சிஸ்டர்தான்மா" என்றேன்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஓ, சர்ச் சிஸ்டரா! சரி மேடம்" என்று வைத்துவிட்டாள். நான் பொய் சொல்லவில்லை. கழுவுகிற மீனில் நழுவுகிற மீனாகப் பேசினேன் என்று வேண்டுமானால் சொல்லுங்கள்.

அடுத்த வாரம் வெர்டெல் ஒரு கூடை நண்டோடு வந்தாள். வாசலிலிருந்தே கத்தினாள்.

"அக்கா, கூத்தைக் கேட்டியா? நானும் நீயும் சொந்தமே இல்லையாம்! நாசோக்காரங்க ஏதோ குழப்பிட்டாங்க. நீ ஒரு வார்த்தை சொல்லேன்."

"அவங்க பாக்குறது அம்மா வழி, வெர்டெல். உங்கம்மாவுக்கு என்ன வந்துச்சு? எண்பது வயசுல மூட்டை தூக்குறா. உனக்கு எதுக்கு வீண் அலைச்சல்?"

"அப்போ நான் தப்பிச்சேன்னு சொல்லு." அவள் முகம் அப்படி மலர்ந்தது. "பாவம், உனக்குத்தான் எல்லாத்தையும் அறுத்துட்டாங்க. நண்டை அரிசியோட சேத்து நல்லா ஆக்கிச் சாப்பிடு, தெம்பு வரும்."

சாப்பிட்டேன். நன்றாக இருந்தது.

கட்டி வந்தபோது முதலில் என்னிடம்தான் காட்டினாள். நண்டுப் பீப்பாய் இடித்திருக்கும் என்றாள். இருக்கும் என்றேன். பாகல் மாதிரிக் கசக்கும் செராசிக் கொடியில் கசாயம் வைத்து நானே கொண்டுபோய்க் கொடுத்தேன், மழைக்காலம் முழுக்க. கசந்தாலும் முகம் சுளிக்காமல் குடிப்பாள். சபையில் என் அன்பைப் புகழ்ந்து சாட்சி சொன்னார்கள்.

எழுந்துவிடாதீர்கள். எதையும் மறைக்கிற எண்ணம் எனக்கு இல்லை. அது என்னவென்று எனக்குத் தெரிந்திருந்தது. தொட்ட உடனே தெரிந்தது.

அப்பா பெயருக்காகத்தான் செய்தேன். அப்பாவே ஊரறியச் சொன்ன பிறகு மறைக்க என்ன இருந்தது என்று நீங்கள் இப்போது கேட்கிற கேள்வியைப் பாதிரியாரும் கேட்டார். ஆமாம், அந்த போன் வருவதற்கு முன்பே, அம்மா போன மறு வருஷம் அறுப்புப் பண்டிகை ஆராதனையில் அப்பா எழுந்து நின்றார். வெர்டெல் கையைப் பிடித்துக்கொண்டு, "இவ என் பொண்ணு. இத்தனை காலம் வெளிய நிறுத்தி வெச்சேன், கர்த்தர் மன்னிக்கட்டும். இனிமே முன்வரிசையில உக்காருவா" என்றார். சபை முழுக்கக் கைதட்டியது. நான் என் பாட்டுப் புத்தகத்தை எடுத்துவிட்டு அவளுக்கு இடம் விட்டேன். ஆக, காப்பாற்றுவதற்கு அப்பா ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை என்கிறீர்கள். இருக்கலாம்.

அப்பா கடலிலிருந்து வந்தால் முதலில் வெர்டெல் வீட்டுப் பக்கம்தான் படகைத் திருப்புவார். நல்ல மீன் அங்கே இறங்கும். எங்களுக்கு வருவது மீதி. சின்ன வயதில் கரையில் நின்று பார்த்திருக்கிறேன். அவர் எல்லாவற்றையும் அவளுக்குக் கொடுத்தார், இந்தப் பழுது உட்பட. அதைப் பற்றிய எச்சரிக்கை ஒன்றுதான் என் வழியாகப் போக வேண்டியதாக இருந்தது. அது போகவில்லை.

இப்போது அவள் மகளுக்காக வந்திருக்கிறீர்கள். கென்ரியா. தாயைச் சோதிக்காமலே புதைத்துவிட்டோம், அதனால் நான் பெரியம்மா என்று ஒரு வார்த்தை சொன்னால்தான் அவளுக்குச் செய்ய முடியும் என்கிறீர்கள். புரிகிறது. சின்னப் பெண், எனக்கு அவள் மீது எந்தக் கோபமும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை வந்து இதே நாற்காலியில் உட்கார்ந்து ஏதோ சொல்லிச் சிரித்தாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது, அச்சு அசல் அப்பாவின் சிரிப்பு. என் பக்கம் திரும்பி அவர் அப்படி ஒரு நாளும் சிரித்ததில்லை.

அவசரப்படுத்தாதீர்கள் நர்சம்மா. யோசித்துச் சொல்கிறேன்.